இழுப்பதற்கு முன் சாப்டைப் பாருங்கள்

வன்னியில் தொழில் செய்கிறவருக்கு ஃபோர் வீல் வாகனம் ஆடம்பரம் அல்ல. கிளிநொச்சிக் கடைத்தெருவில் இருந்து ஏ9 வீதியால் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய் வருகிறவருக்கு ஒரு சாதாரண வேன் போதும். ஆனால் அக்கராயன், வட்டக்கச்சி, தர்மபுரம், விசுவமடு என்று உள்ளே போய் நெல்லும் உழுந்தும் எடுப்பவருக்கு, பூநகரிக் கரையில் மீன் ஏற்றுபவருக்கு, துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் கட்டடச் சாமான் இறக்குபவருக்கு மாரி தொடங்கினால் டபள் கெப்போ ஜீப்போ இல்லாமல் கடைக்குச் சாமான் வராது.

அந்த வாகனத்தின் பெறுமதி என்ன என்பதும் உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம். இருபது வருடம் ஓடிய ஜீப்பும் தங்கம் போல விலை ஏறிய காலம் அது. இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய டபள் கெப் நம்மில் பலருக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே கையில் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் இன்றைய வியாபாரம்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது ஒரு சின்ன விஷயம். வாகனம் வீதியில் நின்றுவிட்டால் அதை எப்படி இழுத்துச் செல்வது? “கயிற்றைக் கட்டி இழுக்க வேண்டியதுதானே, இதற்கு ஒரு கட்டுரையா?” என்று கேட்கலாம். முதலில் ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

ஹோஸ் போனது, கியர் பொக்ஸும் போனது

எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரி. ஓட்டோ கியர் டபள் கெப் ஒன்று வைத்திருந்தார். கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, வாகனம் நின்றுவிட்டது. ஹோஸ் மாற்றுவது அரை நாள் வேலை. ஆனால் அவருடைய வழமையான கராஜ் வவுனியாவில். இழுவை லொறி ஒன்றைப் பிடித்தார். லொறிக்காரர் முன் சில்லு இரண்டையும் தூக்கிக் கட்டினார். பின் சில்லு இரண்டும் வீதியில் உருள, வவுனியா வரை இழுத்துக்கொண்டு போனார்.

கராஜில் ஹோஸை மாற்றி, தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணினார்கள். என்ஜின் நல்லாக வேலை செய்தது. கியரில் போட்டால் வாகனம் நகரவில்லை. கழற்றிப் பார்த்தபோது உள்ளே எரிந்த வாசம். ஒயில் கறுத்துப்போயிருந்தது.

பிறகு நடந்தது நமக்கெல்லாம் பழக்கமான சண்டை. “நான் எடுக்கும்போதே அப்படித்தான் இருந்தது” என்று லொறிக்காரர். “நேற்று வரை நல்லாக ஓடிய வாகனம்” என்று உரிமையாளர். எழுத்தில் ஒன்றும் இல்லை. லொறிக்காரர் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உரிமையாளருக்கும் தெரியவில்லை. தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் ஒரு கியர் பொக்ஸ் செத்துப்போனது.

சாப்ட் என்றால் என்ன?

என்ஜினின் சுழற்சி கியர் பொக்ஸுக்கு வருகிறது. அங்கிருந்து பின் சில்லுகளுக்குப் போக, வாகனத்தின் அடியில் நீளமான இரும்புக் குழாய் ஒன்று ஓடுகிறது. அதுதான் புரொப்பெலர் சாப்ட். சாதாரண வேனில் அது ஒன்றுதான் இருக்கும். ஃபோர் வீல் வாகனத்தில் கியர் பொக்ஸுக்குப் பின்னால் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கும். அதில் இருந்து ஒரு சாப்ட் பின்னுக்கும், இன்னொரு சாப்ட் முன்னுக்கும் போகும்.

வாகனம் பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது எக்ஸல் மேலும் கீழும் ஆடும். சாப்டும் அதோடு மடங்க வேண்டும், மடங்கிக்கொண்டே சுற்றவும் வேண்டும். அதற்காகத்தான் இரண்டு முனையிலும் யுனிவர்சல் ஜொயின்ட் வைத்திருக்கிறார்கள். நடுவில் சிலுவை போன்ற ஒரு துண்டு, அதன் நான்கு முனையிலும் ஊசி போன்ற மெல்லிய பெயரிங்குகள். இந்த யோசனை பல நூறு வருடப் பழையது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால்தான் ஐரோப்பாவில் இன்றும் இதைக் ‘கார்டன்’ சாப்ட் என்கிறார்கள். மோட்டார் வாகனத்துக்கு ஏற்ற விதமாக இதைச் செய்து விற்க, அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் 1904இல் ஒரு கம்பனி தொடங்கினார். ‘ஸ்பைசர்’ என்ற பெயரை ஜொயின்ட் பெட்டிகளில் இன்றும் காணலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். என்ஜின் சாப்டைச் சுற்றும், சாப்ட் சில்லைச் சுற்றும். இது எல்லோருக்கும் தெரியும். இதைத் திருப்பிப் பாருங்கள். வாகனத்தை இழுக்கும்போது வீதி சில்லைச் சுற்றுகிறது. சில்லு சாப்டைச் சுற்றுகிறது. சாப்ட் போய் கியர் பொக்ஸின் உள்ளே சுற்றுகிறது. என்ஜின் தூங்குகிறது, ஆனால் பெட்டிக்குள் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாம் வியாபாரிகள். எதையும் கணக்கில் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

டபள் கெப் ஒன்றின் சில்லு ஒரு முறை சுற்றினால் ஏறக்குறைய 2.3 மீற்றர் தூரம் போகும். டிபரன்ஷலின் பல் கணக்கின்படி, சில்லு ஒரு முறை சுற்ற சாப்ட் கிட்டத்தட்ட 4 முறை சுற்றும். கிளிநொச்சியில் இருந்து வவுனியாவுக்கு ஏறக்குறைய 80 கிலோமீற்றர். அதாவது சில்லு 35,000 முறை சுற்றுகிறது. சாப்ட் 1,40,000 முறை சுற்றுகிறது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் இழுத்தால், சாப்ட் நிமிடத்துக்கு 1,100க்கும் மேற்பட்ட சுற்று. இது இரண்டு மணி நேரம் விடாமல் நடக்கிறது.

“ஓடும்போதும் அதே அளவுதானே சுற்றுகிறது?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஓடும்போது ஒயில் வருகிறது. இழுக்கும்போது ஒயில் வருவதில்லை. வித்தியாசம் இதுதான்.

ஓட்டோ கியர் பொக்ஸில் ஒயிலைத் தள்ள ஒரு பம்ப் இருக்கிறது. அந்தப் பம்பைச் சுற்றுவது என்ஜின். என்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். ஒயில் அடியில் கிடக்கும், மேலே உள்ள பாகங்கள் உலர்ந்தபடி உரசும். உரசினால் சூடு. சூடு கூடினால் எரிவுதான்.

மெனுவல் கியர் பொக்ஸில் பம்ப் இல்லாவிட்டாலும், கீழே ஒயிலில் நனைந்தபடி சுற்றும் பற்சக்கரங்கள் ஒயிலை மேலே வாரி இறைக்கும். நியூட்ரலில் விட்டு இழுக்கும்போது வெளியே வரும் சாப்ட் மட்டும் சுற்றும், கீழே உள்ள பற்சக்கரங்கள் நின்றுவிடும். இறைப்பதற்கு ஆள் இல்லை. ஓட்டோவைவிட மெனுவல் கொஞ்சம் தாங்கும். ஆனால் நீண்ட தூரம் தாங்காது. மெனுவல்தானே என்று கியரில் போட்டபடி இழுக்கவும் கூடாது.

எல்லா ஃபோர் வீலும் ஒன்றல்ல

இங்குதான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ‘ஃபோர் வீல்’ என்ற ஒரே பெயருக்குள் மூன்று வகை இருக்கிறது. உங்கள் வாகனம் எந்த வகை என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, தேவைக்குப் போட்டுக்கொள்ளும் வகை. பழைய ஹைலக்ஸ், எல்200, லேண்ட் குரூசர் 70 போன்றவை. சாதாரணமாக 2எச்சில் பின் சில்லு மட்டும் இழுக்கும். சேற்றில் 4எச், இன்னும் மோசமான இடத்தில் 4எல். இவற்றில் பலவற்றின் முன் சில்லு நடுவில் கையால் திருப்பும் லொக் இருக்கும். அதை ‘ஃப்ரீ’யில் வைத்தால், முன் சில்லு உருண்டாலும் முன் சாப்ட் சுற்றாது. இவ்வகை வாகனத்தைப் பாதி தூக்கி இழுப்பதானால், பின்னைத் தூக்குங்கள், முன்னை உருள விடுங்கள். லொக் இரண்டும் ஃப்ரீயில் இருக்க வேண்டும். ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பட்டியால் இறுக்கிக் கட்ட வேண்டும். சாவியை எடுத்தால் விழும் ஸ்டியரிங் லொக்கை நம்பக்கூடாது, அது இந்த வேலைக்காகச் செய்யப்பட்டதல்ல.

இதே வாகனத்தை 4எச்சில் மறந்துவிட்டு முன்னைத் தூக்கி இழுத்தால் என்ன ஆகும்? பின் சில்லு உருளும்போது ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸ் வழியாக முன் சில்லையும் சுற்றப் பார்க்கும். முன் சில்லோ லொறியின் தொட்டிலில் கட்டப்பட்டிருக்கிறது. ஒன்று பட்டி அறும், அல்லது சில்லு தொட்டிலை விட்டுப் பாயும், அல்லது உள்ளே ஏதாவது முறியும். மூன்றுமே நடுவீதியில் நடக்கும்.

இரண்டாவது, எப்போதும் நான்கு சில்லும் இழுக்கும் ஜீப் வகை. லேண்ட் ரோவர் டிஃபென்டர், பிராடோ போன்றவை. இவற்றின் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸுக்குள் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு டிபரன்ஷல் இருக்கிறது. ஒரு பக்கத்தைத் தூக்கி மறு பக்கத்தை உருள விட்டால், அந்த நடு டிபரன்ஷல் ஒரு பக்கம் மட்டும் வெறியோடு சுற்றும். வளைவில் திரும்பும்போது வரும் சிறு வித்தியாசத்துக்காகச் செய்யப்பட்ட பாகம் அது. மணிக்கணக்கில் அப்படிச் சுற்றினால் தாங்காது.

டிஃபென்டரில் ட்ரான்ஸ்ஃபர் லீவரை எச்சுக்கும் எல்லுக்கும் நடுவே நியூட்ரலில் வைக்கலாம். நான்கு சில்லும் நிலத்தில் இருக்க, கட்டையில் மெதுவாகக் கொஞ்ச தூரம் இழுப்பதானால் கியர் நியூட்ரல், ட்ரான்ஸ்ஃபர் நியூட்ரல், டிஃப் லொக் கழற்றியபடி. பாதி தூக்குவதானால் சாப்டைக் கழற்றாமல் நகர்த்தக்கூடாது.

மூன்றாவது, கார் போல ஓடும் ஃபோர் வீல். சிஆர்-வி, எக்ஸ்-ட்ரெயில், ரேவ்4 போன்றவற்றின் ஃபோர் வீல் மொடல்கள். பார்வைக்கு முன் சில்லு இழுக்கும் கார் போல இருக்கும். அடியில் எட்டிப் பார்த்தால் பின்னுக்கு ஒரு சாப்ட் போகும். “இது முன் வீல் டிரைவ், முன்னைத் தூக்கினால் போதும்” என்று சொல்லி, பின் சில்லை உருள விட்டுக் கெடுப்பது இவற்றைத்தான். இவற்றுக்குச் சரியான வழி ஒன்று. நான்கு சில்லும் மேலே போகும்படி கெரியர் லொறியில் முழுதாக ஏற்றுங்கள். கூலி கூடத்தான். பின்னால் வரும் செலவோடு ஒப்பிட்டால் அது கூலியே அல்ல.

உங்கள் மொடலின் கையேட்டில் இழுவை பற்றி ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். ஜப்பான் மொழியில் இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்து அந்த ஒரு பக்கத்தையாவது தமிழாக்கி எழுதி, வாகனத்திலேயே வைத்துவிடுங்கள். நான் மேலே சொன்னதும் கையேடு சொல்வதும் வேறுபட்டால், கையேடு சொல்வதே சரி.

ஒரே வரியில் சட்டம்

இவ்வளவையும் நினைவில் வைக்க முடியாவிட்டால் இந்த ஒரு வரியைப் பாடமாக்குங்கள்: நிலத்தில் உருளும் சில்லுக்குப் போகும் சாப்டைக் கழற்று. பின் சில்லு உருளப்போகிறதா, பின் சாப்டைக் கழற்றுங்கள். முன் சில்லு உருளப்போகிறது, அதில் ஃப்ரீ லொக்கும் இல்லை என்றால் முன் சாப்டைக் கழற்றுங்கள். முன் சில்லுக்குத் தனிச் சாப்ட் இல்லாத மூன்றாம் வகைக்கு மட்டும் கெரியர் லொறி. எதைச் செய்வது என்று சந்தேகமா, அப்போதும் கெரியர் லொறிதான்.

சாப்டைக் கழற்றுவது பெரிய வேலை அல்ல. பல ஜீப்களில் ஒரு முனையில் நான்கு போல்ட், மறு முனையில் நான்கு போல்ட். ஸ்பெனர் இருந்தால் பழகிய பாஸ் ஒருவர் வீதியோரத்திலேயே செய்துவிடுவார். ஆனால் ஒழுங்கு இருக்கிறது.

முதலில் சில்லுக்குக் கட்டை போடுங்கள். முன்னும் பின்னும், இரண்டு பக்கமும். இதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். ஓட்டோ வாகனத்தைப் ‘பி’யில் நிறுத்துகிறோம், மெனுவலைக் கியரில் நிறுத்துகிறோம். இரண்டுமே சில்லைப் பிடிப்பது சாப்ட் வழியாகத்தான். சாப்டைக் கழற்றியதும் அந்தப் பிடி போய்விடும். டிஃபென்டரில் இன்னும் ஆபத்து. அதன் ஹேண்ட் பிரேக் சில்லில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் பின்னால், சாப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. பின் சாப்டைக் கழற்றினால் பின் சில்லைப் பிடிக்க ஹேண்ட் பிரேக்கே இல்லை. கடைசி போல்டைக் கழற்றும்போது வாகனம் உருளத் தொடங்கினால், அடியில் படுத்திருப்பவர் யாரோ ஒரு தாயின் பிள்ளை. வாகனத்தைத் திருத்தலாம், உயிரைத் திருத்த முடியாது.

இரண்டாவது, கழற்ற முன் சாப்டிலும் அது பொருந்தும் முகத்திலும் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே கோடு அதே இடத்துக்கு வர வேண்டும். சாப்ட் எடை சரி பார்த்துப் பூட்டப்பட்ட பொருள். மாறிப் பூட்டினால் வேகம் கூடும்போது அடிப்பகுதி அதிரும். நடுவில் வழுக்கி நீளும் சாப்டாக இருந்தால் அதைப் பிரித்தெடுக்காதீர்கள். ஒரு பல் மாறிப் போனாலும் இரண்டு ஜொயின்ட்டும் ஒரே நேரில் நிற்காது, அதிர்வு தொடங்கிவிடும்.

மூன்றாவது, ஒரு முனையை மட்டும் கழற்றிக் கயிற்றில் தொங்கவிடும் வேலை வேண்டாம். கயிறு அறுந்தால் சாப்ட் வீதியில் குத்தி வாகனத்தையே தூக்கிவிடும். முழுதாகக் கழற்றி உள்ளே வையுங்கள். ஜொயின்ட்டின் தொப்பிகள் கழன்று விழாமல் டேப் சுற்றுங்கள். ஊசி பெயரிங் ஒன்று மண்ணில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது.

நான்காவது, சில வாகனங்களில் சாப்டின் முன் முனை போல்ட் இல்லாமல் கியர் பொக்ஸுக்குள்ளேயே நுழைந்திருக்கும். அதை உருவினால் ஒயில் வெளியே கொட்டும். அந்தத் துளையை அடைக்க வேண்டும். ஒயில் கொட்டியதை மறந்து அடுத்த நாள் ஓட்டினால் இவ்வளவு பாடுபட்டதும் வீண்.

சேற்றில் புதைந்தால்

வன்னியில் வாகனம் நிற்பதற்குப் பாதிக் காரணம் சேறு. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியான நாட்களில் ஒரு ஜீப்பை இன்னொரு ஜீப்போ டிராக்டரோ இழுக்கும்.

இங்கே தூரம் குறைவு, ஆகவே ஒயில் பிரச்சினை இல்லை. பிரச்சினை பாரம். சேற்றில் புதைந்த வாகனத்தின் பாரம் அதன் சொந்தப் பாரத்தைவிடக் கூட என்று நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு தொய்வாக இருக்கும்போது வேகமாக ஓடி வெட்டி இழுத்தால், அந்த அடி முழுவதும் இழுக்கும் வாகனத்தின் சாப்டிலும் ஜொயின்ட்டிலும் விழும். கயிறு இறுகும் வரை மெதுவாக நகர்ந்து, 4எல்லில் முதல் கியரில் ஒரே சீராக இழுக்க வேண்டும். சில்லைச் சுற்றியுள்ள சேற்றை மண்வெட்டியால் கொஞ்சம் வெட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பத்து நிமிட மண்வெட்டி வேலை ஒரு ஜொயின்ட்டைக் காப்பாற்றும்.

கொளுவும் இடம் மிக முக்கியம். சேஸியில் போல்ட்டால் பூட்டிய கொக்கியில் மட்டும் கொளுவுங்கள். ட்ரெயிலர் பூட்டும் உருண்டையில் கயிற்றைக் கொளுவி சேற்றில் இருந்து இழுக்கவே கூடாது. அது உருண்டு வரும் ட்ரெயிலருக்குச் செய்யப்பட்டது. முறிந்தால் பீரங்கிக் குண்டு போலப் பறந்து வரும். வெளிநாடுகளில் இதனால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கயிற்றின் நடுவே ஒரு தடித்த சாக்கையோ போர்வையையோ போடுங்கள், அறுந்தாலும் பாய்ச்சல் குறையும். பிள்ளைகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் தூரத்தில் நிறுத்துங்கள்.

இழுபடும் வாகனத்தில் இருப்பவருக்கும் ஒரு வார்த்தை. என்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் இல்லை, திருப்ப இரண்டு மடங்கு பலம் வேண்டும். பிரேக்கும் கல் போல இறுகிவிடும். சாவியை உள்ளே வைத்து ஸ்டியரிங் லொக் விழாத நிலைக்குத் திருப்பி வையுங்கள். அனுபவமில்லாத பையனை அந்த இருக்கையில் உட்கார்த்தாதீர்கள்.

வெள்ளத்தில் இறங்கிய வாகனத்துக்கு இன்னொரு கவனம். ஓடிச் சூடாகிய டிபரன்ஷல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், உள்ளே காற்று சுருங்கி வெளித் தண்ணீரை உறிஞ்சும். ஒயில் பால் நிறமாக மாறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. முன், பின் டிபரன்ஷல், ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸ் மூன்றின் ஒயிலையும் பாருங்கள். சாப்டின் ஜொயின்ட்டுக்குப் புதுக் கிறீஸ் அடித்து, பழைய கிறீஸும் தண்ணீரும் வெளியே வரும் வரை விடாதீர்கள்.

காபட் வீதியில் 4எச் வேண்டாம்

யுத்தம் முடிந்த பிறகு ஏ9 வீதி காபட் வீதியாகிவிட்டது. கிரவல் பாதையில் 4எச் போட்டு வந்தவர், காபட்டில் ஏறியதும் அதைக் கழற்ற மறந்துவிடுகிறார். முதலாவது வகை வாகனத்தில் 4எச் போட்டால் முன் சாப்டும் பின் சாப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் வளைவில் முன் சில்லு போகும் தூரம் பின் சில்லு போகும் தூரத்தைவிடக் கூட. மண்ணில் சில்லு வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த காபட்டில் வழுக்காது. அந்த வித்தியாசம் முழுவதும் சாப்டுக்குள் முறுக்காக ஏறும். லீவரைக் கழற்றப் போனால் இறுகிப்போய் வராது. அதோடு பாரம் ஏற்றிய ட்ரெயிலரும் பின்னால் இருந்தால் ஜொயின்ட்டுக்கு இரட்டைத் தண்டனை. முன்னுக்கு ஓர் அளவு டயர், பின்னுக்கு வேறு அளவு டயர் போட்டு 4எச்சில் ஓடினாலும் இதே கதைதான்.

வாங்கும்போது காது கொடுங்கள்

பழைய ஜீப் வாங்கப் போகிறவர் பெயின்ட்டைப் பார்க்கிறார், சீட்டைப் பார்க்கிறார். அடியில் குனிந்து சாப்டைப் பார்ப்பவர் குறைவு. சில்லுக்குக் கட்டை போட்டுவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சாப்டைக் கையால் பிடித்து இரு பக்கமும் திருகிப் பாருங்கள். ஜொயின்ட்டில் ஆட்டம் இருந்தால் கைக்கே தெரியும். ஓட்டிப் பார்க்கும்போது, புறப்படும் நேரம் ‘டக்’ என்று ஒரு அடி கேட்டால் ஜொயின்ட்டில் தேய்வு இருக்கலாம். மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போலக் கேட்டால் கிறீஸ் இல்லை. வேகத்தில் அடி அதிர்ந்தால் சாப்ட் வளைந்தோ மாறிப் பூட்டியோ இருக்கலாம். 4எச், 4எல் இரண்டையும் மண் தரையில் போட்டுப் பாருங்கள். ஜொயின்ட் மட்டும் என்றால் சின்னச் செலவு. ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸ் என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டி வரும். அதைக் கணக்கில் வைத்து விலை பேசுங்கள்.

ஒரு துண்டுக் கடதாசி

கடைசியாக வியாபாரப் பேச்சு. நம்மில் சிலர் இழுவை லொறி வைத்துத் தொழில் செய்கிறோம். அதைவிட அதிகமானோர் அந்தச் சேவையைப் பெறுகிறோம். இரண்டு தரப்புக்கும் சொல்கிறேன்.

பிறருடைய வாகனம் உங்கள் கொக்கியில் ஏறிய நிமிடத்தில் இருந்து அது அமானிதம். “எனக்குத் தெரியாது” என்பது பதில் ஆகாது. தெரியாத வேலையை ஏற்பதே தவறு. ஏற்ற முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஓட்டோவா மெனுவலா? ஃபோர் வீலா, எந்த வகை? லீவர் இப்போது எதில் இருக்கிறது? கேட்கும் லொறிக்காரரை வாடிக்கையாளர் மறக்க மாட்டார். அடுத்த முறையும் அவரையே அழைப்பார். நான்கு சில்லையும் ஏற்ற வேண்டிய வாகனம் என்றால் வெட்கப்படாமல் கெரியர் லொறிக்காரரிடம் அனுப்புங்கள். ஒரு ஹயர் போகும், பெயர் நிற்கும்.

வாகன உரிமையாளரே, நீங்களும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள். வாகன இலக்கம், என்ன பழுது, எந்த முறையில் இழுப்பது, சாப்ட் கழற்றியதா, எங்கிருந்து எதுவரை, கூலி எவ்வளவு. ஐந்து நிமிடம் போதும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது நமக்குப் புதிதாகச் சொல்லப்பட்ட விஷயமல்ல. போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள், மைலேஜையும் எடுங்கள். உங்கள் காப்புறுதியில் இழுவைக் கூலி அடங்குமா, எவ்வளவு வரை, இழுக்கும்போது வரும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதை வீதியில் நிற்கும்போது அல்ல, இன்றே முகவரிடம் கேட்டு வையுங்கள்.

மேலே சொன்ன வியாபாரியின் வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்ந்தாலும் கியர் பொக்ஸ் திரும்பி வராது. சாப்டில் எட்டு போல்ட், சில்லுக்கு நான்கு கட்டை, கடதாசியில் இரண்டு கையொப்பம். இவ்வளவும் இருந்திருந்தால் அன்று நட்டம் ஒரு ரேடியேட்டர் ஹோஸோடு முடிந்திருக்கும்.

மாரி தொடங்க முன் உங்கள் ஜீப்பின் அடியில் ஒரு தடவை குனிந்து பாருங்கள். ஒரு ஸ்பெனர் செட், நான்கு மரக்கட்டை, நல்ல இழுவைப் பட்டி ஒன்று, ஒரு சின்ன டின் பெயின்ட், ஒரு டேப். இவை ஐந்தும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.